அப்பாவின் கை ஏன் விரிய மறுக்கிறது

பர்மாவில் மோல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் அப்பாவுக்கு 63 வயது, ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், ஆனால் வலது கால் அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் வருகிறது. கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுக மூடியே கிடக்கின்றன. தினமும் சாயங்காலம் ஒருவர் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டுப் போகிறார். வாரம் மூன்று நாள் வருகிற பிசியோதெரபி பெண்ணோ கையைத் தொடுவதே குறைவு, "டம்ளரை எடுங்க, வைங்க, மறுபடி எடுங்க" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். "பிடித்தால் விடமாட்டேன் என்கிறார், அவ்வளவு பலம் இருக்கிறது, அப்புறம் ஏன் கை விரியவில்லை? நரம்புக்கு ஊசி போடலாமா? இரண்டு பேருக்கும் காசு கொடுக்க முடியவில்லை, யாரை நிறுத்துவது?"

நீவுகிறவரை நிறுத்துங்கள். பதில் அவ்வளவுதான், ஆனால் காரணம் தெரியாமல் நிறுத்தினால் ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார் என்று மறுபடி கூப்பிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நான் ரங்கூனில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே பிசியோதெரபி வேலையில் இருக்கிறவன், வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் அப்பா மாதிரிதான்.

முதலில் இந்த 'நரம்பு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஊசி போட வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்றால் அது ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருப்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். யாழில் கட்டியதும் நரம்புதான். இப்படி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்ததால், கை மடங்கினால் அங்கே ஏதோ கயிறு சுருண்டுவிட்டது, எண்ணெய் போட்டு நீவினால் நீண்டுவிடும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. நோயின் பெயரும் உதவவில்லை. நாம் பக்கவாதம் என்கிறோம், வாதம் என்றால் காற்று. பர்மாக்காரர்கள் லேப்யாத் என்கிறார்கள், 'காற்று வெட்டிவிட்டது' என்று அர்த்தம். இரண்டு மொழியும் காற்றின் மேலேயே பழியைப் போட்டிருக்கின்றன! ஆனால் உங்கள் அப்பாவின் கையில் காற்றும் இல்லை, கையின் நரம்புக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. தசை நன்றாக இருக்கிறது, தசைக்குப் போகும் நரம்பும் நன்றாக இருக்கிறது. அடிபட்டது மூளையின் இடது பக்கம். மேலேயிருந்து வரும் வழிகளில் பெரும்பாலானவை பின்மூளையின் அடியில் குறுக்கே மாறி எதிர்ப்பக்கம் போவதால், இடப்பக்க மூளையில் அடைப்போ ரத்தக்கசிவோ வந்தால் வலப்பக்கம் விழுகிறது.

மூளையின் மேற்பரப்பில் அசைவுக்கான பகுதி ஒன்று இருக்கிறது. அதில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் அளவுப்படி இல்லை. முதுகு முழுவதற்கும் கிடைத்தது கொஞ்சம், கைக்கும் வாய்க்கும் கிடைத்தது பெரும் பங்கு. 1930-களில் கனடாவின் மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்த வரைபடத்தைப் போட்டார். அங்கிருந்து கிளம்பும் இழைகள் எல்லாம் கீழே வரும்போது மூளைக்குள் ஓர் இடுக்கான பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குகின்றன. ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் ஏறிக்கிடந்தால் மூளைக்குள் மெல்லிய குழாய்கள் கெட்டுப்போகும், அப்படிக் கெடும் குழாய்கள் நிறைய இருப்பது இந்த இடுக்கின் பக்கத்தில்தான். அதனால்தான் ஸ்கேனில் ஒரு பட்டாணி அளவுக்குத் தெரிகிற சேதம் பாதி உடம்பைச் சாய்த்துவிடுகிறது. (ஙாப்பி என்கிற உப்பு மீன் விழுதும் மீன் சாறும் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் உப்பைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள், அது இன்னொரு நாளைக்கு.)

உங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். 2005-ல் சால்வின் பாலம் திறந்ததற்கு முன்னால் ரயில் ஆற்றின் அக்கரையில் மொட்டமாவோடு நின்றுவிடும், இறங்கிப் படகில் ஏறித்தான் மோல்மீன் வர வேண்டும், நினைவிருக்கும். மூளையிலிருந்து கைக்கு வரும் பெரிய பாதை அந்தப் பாலம் மாதிரி: வேகம், ஒவ்வொரு விரலுக்கும் தனி வண்டி. பாலம் இடிந்தால் போக்குவரத்து மொத்தமாக நின்றுவிடுவதில்லை, பழைய படகு மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு சில பாதைகள் இருக்கின்றன, நிமிர்ந்து நிற்பதற்கும் மொத்தமான அசைவுகளுக்கும் உள்ள பழைய பாதைகள். படகு ஆள் பார்த்து ஏற்றாது, எல்லோரையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வரும். அது கையை மடக்கும் தசைகளைத்தான் அதிகமாகத் தூண்டும், விரிக்கும் தசைகளை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அப்பா டம்ளரைப் பிடிக்க நினைத்தால் தோள் தூக்கி, முழங்கை மடங்கி, விரல் எல்லாம் ஒன்றாக மூடுவது இதனால்தான். "பலம் இருக்கிறது" என்று நீங்கள் நினைப்பது பலமே இல்லை, தடுப்பார் இல்லாத இறுக்கம்.

தடுப்பு என்றேன், அதுதான் இதில் முக்கியமான விஷயம், பலருக்குத் தெரியாததும்கூட. நரம்பு மண்டலத்தின் வேலையில் பெரும்பகுதி 'அசை' என்று சொல்வது அல்ல, 'சும்மா இரு' என்று சொல்வது. முழங்கையை மடக்கும்போது நீட்டும் தசை தளர வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். இந்த ஏற்பாடு முதுகுத்தண்டிலேயே இருக்கிறது என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயர், 1932-ல் நோபல் பரிசு வாங்கியவர். தசைக்குள் நீளத்தை அளக்கும் சின்ன உணர்விகள் உண்டு, திடீரென்று இழுபட்டால் அவை முதுகுத்தண்டுக்குச் சொல்லும், முதுகுத்தண்டு மூளையைக் கேட்காமலே 'சுருங்கு' என்று பதில் அனுப்பிவிடும். டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவது இதுதான். சாதாரணமாக மூளை மேலேயிருந்து இதை அடக்கியே வைத்திருக்கும். பக்கவாதத்தில் அந்த அடக்கும் குரல் போய்விடுகிறது, தட்டாமலே துள்ள ஆரம்பிக்கிறது. அப்பாவை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து வலது பாதத்தை மிதியில் வைத்தால் கடகடவென்று தானே ஆடுகிறதா? குளிர் இல்லை, பயமும் இல்லை, தசையும் முதுகுத்தண்டும் பேசிக்கொள்ளும் அதே வளையம்தான் விடாமல் சுற்றுகிறது. முழங்காலைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்திக் குதிகாலைப் பதிய வையுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: வேகமாக இழுத்தால் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். கையைக் கழுவ, நகம் வெட்ட விரலை நேராகப் பிடித்து நெம்பாதீர்கள். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குங்கள், விரல்களை மூடும் தசைநாண் அப்போதே தொய்ந்துவிடும், பிறகு கட்டைவிரலின் அடியைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள், மற்ற விரல்கள் கிட்டத்தட்ட தானே திறக்கும். உள்ளங்கையை தினமும் கழுவித் துடையுங்கள், மூடிய கையில் புண் வந்தால் வலி, வலி வந்தால் இன்னும் இறுக்கம்.

இப்போது நீவுதலுக்கு வருவோம். மெதுவாகச் செய்தால் சுகமாக இருக்கும், அரைமணி நேரம் தளர்ந்தும் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அப்பாவின் மூளை என்ன செய்தது? கண்ணை மூடிப் படுத்திருந்தது. நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டியவனைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வேறொருவன் கையைக் காலை ஆட்டிவிட்டால் அவன் எப்போது நீந்துவான்? இரண்டு இடத்தில் நீவுதல் ஆபத்தும்கூட. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கே கை வைக்கவே கூடாது, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக டாக்டரிடம் போங்கள். அப்புறம் தோள். பக்கவாதத்தில் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்து எலும்பு கிண்ணத்திலிருந்து சற்று இறங்கியிருக்கும், அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, தலைக்கு மேலே சொடுக்குவது, ஜன்னலில் கப்பி கட்டிக் கயிற்றால் இழுக்க வைப்பது, மூன்றும் வேண்டாம். வலித் தோளை உண்டாக்க இதைவிட நல்ல வழி கிடையாது. படுக்கையிலிருந்து தூக்கும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காமல் இடுப்பைப் பிடியுங்கள்.

சரி, டம்ளரை எடுத்து எடுத்து வைப்பதில் என்ன இருக்கிறது?

மூளையில் செத்த செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் சேதத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், இருக்கிற இணைப்புகள் பலப்படும், சில புதிதாகத் துளிர்க்கும். ஒரே ஒரு நிபந்தனை, அந்த வேலையை அவரே செய்ய முயல வேண்டும், நிறையத் தடவை. 1996-ல் நூடோ என்ற ஆய்வாளர் குரங்குகளில் காட்டினார், மூளையில் கைக்கான இடத்தில் சின்ன சேதம் ஏற்படுத்தி, அந்தக் கையாலேயே குழியிலிருந்து தீனி எடுக்கப் பழக்கினால் மிஞ்சியிருந்த கைப்பகுதி காப்பாற்றப்பட்டது, பழக்காமல் விட்டபோது மிஞ்சியதும் சுருங்கியது. இந்த மாதிரிச் சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைக்கிறார்கள். மனிதர்களுக்கு? வட அமெரிக்காவில் பக்கவாத சிகிச்சை நடக்கும் இடங்களில் உட்கார்ந்து எண்ணியே பார்த்தார்கள், 2009-ல் வெளிவந்தது: ஒரு அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32. வசதியான ஊரிலேயே அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் உங்கள் வீட்டுக்கு வரும் பெண் தலைகீழாக நின்றாலும் அந்த நூற்றுக்கணக்கை எட்ட முடியாது, மீதியை நீங்கள்தான் செய்ய வைக்க வேண்டும். அவர் கையைத் தொடாமல் இருப்பது சோம்பல் இல்லை. தொட்டுத் தூக்கிவிட்டால் அது அவருடைய அசைவு, அப்பாவுடையது இல்லை.

இதில் குடும்பம் செய்யும் தப்பு ஒன்று உண்டு, பாசத்தில் செய்வது. டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்பு நன்றாகவே இருந்தும் குரங்கு அந்தக் கையை விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப் போட்டதும் விட்ட கையை எடுத்து வேலை செய்தது! ஆரம்பத்தில் முயன்று முயன்று தோற்றதில், கை இல்லாமலே வாழக் கற்றுக்கொண்டிருந்தது. மனிதர்களும் அப்படியே. அப்பா இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுகிறார், அம்மா சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார், நீங்கள் லுங்கியைக் கட்டிவிடுகிறீர்கள், ஐந்து மாதத்தில் வலது கைக்கு வேலையே இல்லை. பிறகு இதிலிருந்து ஒரு சிகிச்சை முறை வந்தது: விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, இரண்டு வாரம் தினமும் பல மணி நேரம் பலவீனமான கையால் பழக்குவது. 2006-ல் 222 பேரிடம் செய்த பெரிய சோதனையில் பலன் தெரிந்தது, அவர்கள் எல்லோரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள், உங்கள் அப்பா அந்தக் கணக்குக்குள் வருகிறார். ஆனால் மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது தானாக மேலே தூக்க முடிகிறவர்களுக்குத்தான் இது, ஒன்றுமே அசையாத கைக்கு இல்லை. நீங்களாகவே நல்ல கையைக் கட்டிப் போட்டுவிடவும் வேண்டாம், கோல் பிடிக்கும் கை அது, விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் கதை வேறு.

எதைப் பழக்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காற்றில் கையை ஆட்டும் பயிற்சியைவிட, அவர் வாழ்க்கையில் ஏற்கனவே இருந்த வேலை மேல். லுங்கி அதில் தங்கம். நம் ஊரில் ஆண்பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவிழ்த்துக் கட்டுகிறான் என்று எண்ணிப் பாருங்கள், இரண்டு கையும் வேண்டும், கண் பார்க்க வேண்டியதில்லை, சரியாக வந்ததா என்று வயிறே சொல்லிவிடும். முதலில் உட்கார்ந்தபடி, வலது கை துணியைச் சும்மா அழுத்திப் பிடித்தால் போதும். பேத்தி இருந்தால் அவளுக்காக அப்பாவைத் தனகா, அதாவது கன்னத்தில் பூசும் மரக்கட்டைச் சாந்து, அரைக்கச் சொல்லுங்கள், கல்லின் மேல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவது, தோளுக்கும் முழங்கைக்கும் அருமையான வேலை, குழந்தை கன்னத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தால் நூறு சுற்று போனதே தெரியாது. சோற்றைப் பிசைவது இன்னும் கடினம், கடைசியில் வரும், ஆனால் தட்டில் வலது கையை வைக்கச் சொல்வதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

காலுக்கு டீக்கடை ஸ்டூல்தான் என் அளவுகோல். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்துவிட்டால் வீட்டில் எங்கேயும் எழுந்துவிடலாம். அங்கேயே ஆரம்பிக்கக் கூடாது. உயரமான நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்து, இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்து, முடிந்தால் வலது பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை குனிந்து எழச் சொல்லுங்கள். பத்துப் பத்தாக, நாளைக்கு ஐந்து வேளை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். கால் அரைவட்டம் போடுவதற்குக் காரணம் முழங்கால் மடங்காததும் பாதம் தொங்குவதும்தான், "காலைத் தூக்கி வைங்கப்பா" என்று கத்துவதால் அது மாறாது. இப்படி எழுந்து உட்காரும் பழக்கம், பாதத்தைத் தாங்கும் பட்டை, தாளத்தோடு நடப்பது, இவை மாற்றும். தாளம் என்றது விளையாட்டில்லை, சீரான ஓசைக்கு ஏற்பக் காலெடுத்து வைத்தால் அடிகள் சீராகின்றன என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போனில் ஒரு தப்பட்டை மேளத்தைப் போட்டு ஆற்றங்கரைச் சாலையில் வெயிலுக்கு முன்னால் நடத்துங்கள், கூடவே ஆள் இருக்கட்டும்.

உணர்ச்சியையும் மறக்காதீர்கள். அசைவு என்பது போகும் செய்தி மட்டுமில்லை, திரும்பி வரும் செய்தியும்தான். சின்லோன் ஆடுகிற பையனைப் பாருங்கள், முதுகுக்குப் பின்னால் வரும் பிரம்புப் பந்தைப் பார்க்காமலே குதிகாலால் தட்டுகிறான், கால் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லிக்கொண்டே இருக்கிறது, சிறுமூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி வலது கையில் புளியங்கொட்டை, சாவி, கொட்டைப்பாக்கு என்று மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள் (காசு வைக்கலாம் என்று பார்த்தால் நம் நாட்டில் நாணயம் ஏது). தெரியவில்லை என்றால் கண்ணைத் திறந்து பார்க்கவிட்டு மறுபடி. உணர்ச்சி மங்கிய கையில் சுடுதண்ணீர் பாட்டில் வைக்கிற பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள், வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூடுவது அவருக்கு ஏற்கனவே வருகிறது, வராதது திறப்பது. பந்தை எடுத்து வைத்துவிட்டு, பிடித்ததை விடுவதைப் பழக்குங்கள்.

ஊசி பற்றி. கையில் நரம்பு அறுபட்டால் அது நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும், மூளைக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளும் அப்படி வளர்வதில்லை. பி12 ஊசி அந்தச் சத்து குறைவாக இருப்பவருக்கு நல்லது, மற்றவருக்கு சிறுநீர்தான் மஞ்சளாகும், அதுவும் கூடச் சேர்த்துப் போடும் பி2-வால். இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை கடையில் கிடைக்கிறது என்பதற்காக நீங்களே வாங்காதீர்கள், தூக்கமும் சோர்வும் வரும், நாள்பட எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இறுகிய தசையிலேயே போடும் பொட்டுலினம் ஊசி வேலை செய்யும், சுமார் மூன்று மாதம் தாங்கும், விலை அதிகம், அந்த மூன்று மாதத்தில் பழக்காவிட்டால் காசு வீண். மின்சாரத் தூண்டல் கருவிகளும் சிலருக்கு உதவும், கரண்ட் இருந்தால்.

ஒன்றுமே அசையாத கைக்கு ஒரு மலிவான வழி கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக இதைச் செய்தார், பிறகு பக்கவாதத்துக்கும் பயன்பட்டது. நெஞ்சுக்கு நேராக நடுவில் கண்ணாடியை நிறுத்தி, கெட்ட கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கை விரிவதைக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டையும் விரிக்க முயல்வது. கெட்ட கையே விரிவதாகக் கண்ணுக்குத் தெரியும். தினம் அரைமணி நேரம்.

எவ்வளவு திரும்பும் என்று கேட்பீர்கள். இழந்த அசைவு அதிகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதத்தில், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேகம் நன்றாகக் குறைந்துவிடும், இதை மறைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள். ஆனால் இருக்கிற அசைவை வைத்து வேலை செய்யும் திறமை அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் கூடும். அப்பா பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், பயிற்சிக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தால், பிடிவாதம் என்று திட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அப்பாவின் வலது முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்குகிற மாதிரி உட்கார வைத்து, மணிக்கட்டிலிருந்து கையை மேலே தூக்கச் சொல்லி போனில் வீடியோ எடுங்கள். அவசரப்படுத்தாமல் பத்து நொடி பொறுங்கள், செய்தி படகில்தானே வருகிறது. ஒரு விரல் அகலம் தூக்கினாலும் போதும். அந்த வீடியோவைப் பிசியோதெரபி பெண்ணிடம் காட்டி, நல்ல கையில் உறை போட்டுப் பழக்கலாமா, கண்ணாடியில் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும், நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது.